அமெரிக்க உதைபந்தாட்டக் கழகங்களும் அவற்றின் உரிமையாளரும்

ஒரு நாட்டு மக்களின் இயல்பை அறிய விரும்புவோர் அந்நாட்டின் அரசியலையும் இலக்கியத்தையும் ஆராய்வது வழக்கம். ஆயின், ஓய்வு நாளில் அம்மக்கள் எதைக் காணத் திரண்டு செல்கின்றனர் என்பதையும், அவ்வாறு அவர்கள் கண்டு மகிழும் பொருள் யாருடைய உடைமை என்பதையும் நோக்குவது பயனுடையதாகும். ஐக்கிய அமெரிக்காவிலே இலையுதிர் காலந் தொடங்கி நடுக்குளிர்காலம் வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் பெருந்தொகையான மக்கள் உதைபந்தாட்ட அரங்குகளை நிறைக்கின்றனர். அவரினும் பன்மடங்கினர் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிற் காண்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் நகரத்துக் கழகத்தை ‘எங்கள் கழகம்’ என்றே கூறுவர். ஆனால் சட்டத்தின் கண்ணில் அக்கழகம் அவர்களுடையதன்று. அதற்கு உரிமையாளர் ஒருவர் இருக்கின்றார். அவருடைய பணி யாது, அவருடைய அதிகாரம் எத்துணைத்து, அதற்கு எல்லை உண்டா என்பன ஆராயத்தக்கன.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று வழங்குவது, பிற நாட்டார் அப்பெயரால் அறிந்துள்ள ஆட்டம் அன்று. அது றக்பி ஆட்டத்தின் வழிவந்தது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், கையால் எறிந்தும் முன்னேறுவதே அதில் முதன்மையானது. காலால் உதைத்தல் இடையிடையே நிகழ்வது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். நான்கு முயற்சிகளுள் 10 யார் தூரமாவது முன்னேறாத பக்கத்தார் பந்தை எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். இவ்வாட்டத்தைத் தொழிலாக ஆடும் 32 கழகங்கள் ஒன்றுசேர்ந்து அமைந்ததே தேசிய உதைபந்தாட்டச் சங்கம். ஒவ்வொரு கழகமும் ஒரு நகரத்தின் அல்லது மாநிலத்தின் அல்லது வட்டாரத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இச்சங்கத்தின் தோற்றம் மிக எளியது. 1920ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி, ஓஹையோ மாநிலத்துக் கன்டன் நகரில், மோட்டார் வண்டி விற்கும் கடை ஒன்றிலே சில கழகங்களின் சார்பாளர் கூடினர். இருக்கைகள் போதாமையால் வண்டிகளின் படிப்பலகைகளில் அமர்ந்து பேசியதாக, அங்கிருந்தவருள் ஒருவரான ஜோர்ஜ் ஹாலஸ் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். உறுப்புரிமைக் கட்டணம் 100 டொலர் என விதித்தனர். சங்கம் இன்றுள்ள பெயரைப் பெற்றது 1922இலே. அக்காலத்து உரிமையாளர் செல்வர் அல்லர். சிக்காகோ பெயார்ஸ் கழகத்தை நடத்திய ஹாலஸ், தாமே ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் முதலாளியாகவும் விளங்கினார்; பயிற்றுநராக மட்டும் நாற்பது பருவங்கள் பணியாற்றினார். ஆர்ட் றூனி என்பார் 1933இல் பிற்ஸ்பேர்க் கழகத்தைத் தொடங்குவதற்கு 2,500 டொலர் செலுத்தினார். முதற் பத்தாண்டுகளில் சிறு நகரங்களிலே தோன்றிய கழகங்கள் பல இருந்த இடம் தெரியாமல் மறைந்தன.

அந்நாள் எங்கே, இந்நாள் எங்கே! 2023ஆம் ஆண்டிலே வொஷிங்டன் நகரத்துக் கழகம் 605 கோடி டொலருக்குக் கைமாறியது. ஹாலஸ், றூனி போன்றோரின் வழித்தோன்றல்கள் சிலர் மரபுரிமையாகப் பெற்ற கழகங்களை நடத்தி வருகின்றனர். ஹாலஸின் மகளார் வேர்ஜீனியா மக்காஸ்கி, தந்தையார் இறந்த 1983 முதல் தமது 102ஆவது வயதில் 2025இல் மறையும்வரை சிக்காகோ கழகத்தின் உரிமையாளராக இருந்தார். ஏனையோருட் பலர் எண்ணெய், வாணிகம், கைத்தொழில், நிதி ஆகிய துறைகளிற் பெரும்பொருள் ஈட்டியவர்கள். பாக்கிஸ்தானிலே லாகூரிற் பிறந்து, பதினாறு வயதிற் கல்வி கற்க அமெரிக்கா சென்று, மோட்டார் வண்டி உறுப்புக்கள் செய்யும் தொழிலால் உயர்ந்த ஷாகித் கான், 2012இல் ஜக்சன்வில் கழகத்தை வாங்கியமையும் இங்கே குறிப்பிடத்தக்கது.

உரிமையாளரின் பணியை இரு கூறாக வகுத்துக் காணலாம். தம் கழகத்துள்ளே அவர் தலைவர். பொது முகாமையாளரையும் பயிற்றுநரையும் நியமிப்பவரும் நீக்குபவரும் அவரே. சிலர் அவ்வாறு நியமித்தவர் கையிற் பொறுப்பை ஒப்படைத்து விலகி நிற்பர். சிலர் ஆட்டக்காரரைத் தெரிவதிலும் தலையிடுவர். அரங்கு, நுழைவுச்சீட்டின் விலை, விளம்பரம் என்பனவும் அவர் பொறுப்பிலே அடங்கும். கழகத்துக்கு வெளியே, சங்கத்தின் சபையிலே, அவர் 32 பேருள் ஒருவர். சங்கத்தின் ஆணையாளரைத் தேர்பவர் இவ்வுரிமையாளர்களே. ஆட்டவிதியை மாற்றுதல், கழகத்தைப் புதியவர் ஒருவருக்கு விற்றல், ஒரு நகரினின்று வேறு நகருக்குப் பெயர்த்தல் முதலிய பெருங் காரியங்களுக்கு நான்கில் மூன்று பங்கினரின், அதாவது 24 கழகங்களின் இசைவு வேண்டும். பொறுப்பு இன்னாருடையது என்பது தெளிவாக இருத்தல் வேண்டுமென்பதற்காக, கழகத்தின் தலைமை உரிமையாளர் குறிப்பிட்ட ஒரு பெரும்பங்கைத் தம் கையில் வைத்திருத்தல் வேண்டும் என்றும் சங்கம் விதித்துள்ளது.

இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையில் ஒரு முரண்பாடு உண்டு. ஒரு தெருவில் இரு கடைகள் இருப்பின், ஒரு கடைக்காரர் மற்றவரின் வீழ்ச்சியால் நயம் பெறுவார். உதைபந்தாட்டக் கழகத்தின் நிலை அத்தகையதன்று. எதிர்த்து ஆடுவதற்கு வலிய கழகம் ஒன்று இல்லாவிடின் அவர் விற்கும் பண்டமே இல்லை. எக்கழகம் வெல்லும் என்பது முன்னரே தெரிந்துவிட்டால் ஆட்டத்தைக் காண எவரும் வாரார். ஆதலின் எதிரியை வெல்ல முயல்வதும், அதே எதிரியை வாழவைப்பதும் ஆகிய இரண்டும் உரிமையாளரின் கடமைகளாயின. இவ்வுண்மையை உணர்ந்து ஒழுகியதே அச்சங்கத்தின் வளர்ச்சிக்குக் காரணம் எனலாம்.

இதனை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் பிலடெல்பியா கழகத்தின் உரிமையாளராயிருந்த பேர்ட் பெல். அவர் காலத்திலே பல்கலைக்கழகங்களினின்று வெளிவரும் சிறந்த ஆட்டக்காரரைச் செல்வமும் புகழும் மிக்க சில கழகங்களே கவர்ந்து கொண்டன. வலியவை மேலும் வலிமை பெற்றன. மெலிந்தவை மேலும் மெலிந்தன. முந்திய ஆண்டில் ஆகக் கடைசியில் நின்ற கழகமே புதியவருள் முதல்வரைத் தெரியும் உரிமை பெறல் வேண்டும் என 1935இல் பெல் முன்மொழிந்தார். அம்முறையால் இழப்புறக்கூடிய ஹாலஸும், நியூ யோர்க் கழகத்தின் ரிம் மாராவும் அதற்கு உடன்பட்டனர். முதலாவது தெரிவு 1936இல் நடைபெற்றது. அன்று முதலாவதாகத் தெரியப்பட்ட ஜே பேர்வாங்கர் என்னும் இளைஞர் தொழில்முறை ஆட்டத்துக்கு வரவேயில்லை என்பது சுவையான செய்தி. எனினும் முறை நிலைத்தது; இன்றும் வழக்கில் உள்ளது.

இரண்டாவது பெருஞ் செயல் தொலைக்காட்சி வருவாயைப் பங்கிட்டமை. 1950களில் ஒவ்வொரு கழகமும் தனித்தனியே ஒளிபரப்பு உரிமையை விற்றது. நியூ யோர்க் போன்ற மாநகரத்துக் கழகத்துக்கும் கிறீன் பே போன்ற சிற்றூர்க் கழகத்துக்கும் இடையே வருவாயில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு தோன்றியது. 1960இல் ஆணையாளராகத் தெரியப்பட்ட பீற் றொசெல், எல்லாக் கழகங்களும் சேர்ந்து ஒரே உடன்படிக்கை செய்து, கிடைக்கும் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ளல் வேண்டும் என வற்புறுத்தினார். மிகுதியாக இழக்க இருந்த நியூ யோர்க் கழகத்தின் மாரா குடும்பத்தார் அதற்கு இசைந்தனர். அத்தகைய கூட்டு விற்பனை ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு மாறானது என நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, சங்கம் அமெரிக்கக் காங்கிரசை நாடியது. காங்கிரஸ் இயற்றிய விதிவிலக்குச் சட்டத்திலே ஜனாதிபதி கென்னடி 1961 செப்டெம்பர் 30ஆந் திகதி ஒப்பமிட்டார். அதன்பின் செய்யப்பெற்ற முதலாவது உடன்படிக்கையால் ஆண்டுக்கு 46 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கிடைத்தது. அது 14 கழகங்களுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. 2021இல் அறிவிக்கப்பட்ட உடன்படிக்கைகளோ, பதினொரு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 11,000 கோடி டொலர் பெறுமதியுடையன. இப்பணமும் சமமாகவே பிரிக்கப்படுகின்றது. தனிமனித முயற்சியையும் போட்டியையும் போற்றும் நாட்டிலே, செல்வருட் செல்வராகிய முதலாளிகள் தமக்குள் பொதுவுடைமை முறையைப் பின்பற்றுகின்றனர் என்று பலர் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

ஆயினும் ஒற்றுமை எப்பொழுதும் நன்மைக்கே துணை செய்யும் என்பதில்லை. 1934 முதல் 1945 வரை, சங்கத்தின் எக்கழகத்திலும் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்தானும் இடம்பெறவில்லை. எழுதப்பட்ட விதி ஏதும் இல்லாமலே உரிமையாளரின் உள்ளக் கருத்து விதியாயிற்று. 1946இல் கிளீவ்லாந்து றாம்ஸ் கழகம் லொஸ் ஏஞ்சலிசுக்குப் பெயர்ந்து, பொதுமக்களுக்குரிய பெருவிளையாட்டரங்கை வாடகைக்குக் கேட்டது. மக்கள் வரிப்பணத்தால் எழுந்த அரங்கிலே நிறவேற்றுமை பாராட்டும் கழகம் ஆடலாமோ எனக் கறுப்பினப் பத்திரிகையாளர் வினவினர். அதன் பயனாகக் கெனி வொஷிங்டன், வூடி ஸ்ட்ரோட் என்னும் இருவர் சேர்க்கப்பட்டனர். வொஷிங்டன் நகரத்துக் கழகத்தின் உரிமையாளரான ஜோர்ஜ் பிறெஸ்டன் மார்ஷல் மட்டும் இறுதிவரை இணங்கவில்லை. அவர் திறமையற்றவர் அல்லர். சங்கத்தை இரு பிரிவாக்கி, ஆண்டிறுதியில் வெற்றிக்கிண்ண ஆட்டம் நடத்தும் முறை 1933இல் ஏற்படுவதற்கு முன்னின்றவர். ஆனால் புதிய அரங்கு கூட்டரசின் நிலத்தில் அமைந்திருந்தமையால், வேற்றுமை பாராட்டினால் அரங்கைப் பயன்படுத்த முடியாது என அமைச்சர் ஸ்டுவர்ட் யூடால் 1961இல் எச்சரித்தார். மறு ஆண்டு பொபி மிச்செல் முதலிய கறுப்பின வீரர் அக்கழகத்தில் ஆடினர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உரிமையாளரை அசைத்தது எது? தம் ஆட்டம் பொதுமக்களின் நிலத்தை நம்பி நிற்கின்றது என்ற உண்மையே.

ஆட்டக்காரருக்கும் உரிமையாளருக்கும் இடையிலும் நெடுங்காலம் பூசல் நிலவியது. தாம் விரும்பிய கழகத்துக்குச் செல்லும் உரிமை ஆட்டக்காரருக்கு இருந்ததில்லை. அவர்கள் 1982இலும் 1987இலும் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டாம் முறை, உரிமையாளர் பதிலாட்களைக் கொண்டு மூன்று வாரம் ஆட்டங்களை நடத்தினர். பின்னர், வழக்குகளின் விளைவாக 1993இல் உடன்பாடு ஏற்பட்டது. குறிப்பிட்ட காலம் ஆடியவர் வேறு கழகத்துக்குச் செல்லலாம். அதற்கு ஈடாக, ஒவ்வொரு கழகமும் ஆட்டக்காரர் ஊதியத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 1994 முதல் விதிக்கப்பட்டது. இதனாற் பெருஞ் செல்வர் ஒருவர் தம் பணப்பையை அவிழ்த்து, சிறந்த வீரர் அனைவரையும் வாங்கிவிடல் இயலாது. 2020ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சங்க வருவாயில் ஏறத்தாழ நூற்றுக்கு 48 பங்கு ஆட்டக்காரரைச் சார்கின்றது.

உரிமையாளர் தமக்குள் பங்கிட்டனர். ஆட்டக்காரரும் போராடித் தம் பங்கைப் பெற்றனர். எஞ்சி நிற்பது நகரம். கழகத்துக்குப் பெயர் கொடுப்பது நகரம். அரங்கு கட்டுவதற்குப் பெரும்பாலும் வரிப்பணம் கொடுப்பது நகரம். தலைமுறை தலைமுறையாக அன்பு கொடுப்பதும் நகரமே. ஆனால் உரிமையாளரின் சபையில் நகரத்துக்கு ஒரு வாக்குத்தானும் இல்லை. இதன் கொடுமையைப் போல்டிமோர் மக்கள் 1984இல் அறிந்தனர். கோல்ட்ஸ் என்னும் அந்நகரத்துக் கழகத்தின் உரிமையாளர் றொபர்ட் ஏர்சே, அரங்கு பற்றி நகரத்தாரோடு பிணங்கியிருந்தார். கழகத்தைப் பொதுநலங் கருதிக் கையகப்படுத்துவதற்கு மேரிலாந்து மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்ற முற்பட்டது. அச்சட்டம் நிறைவேறுவதற்குள், மார்ச் 28ஆந் திகதி இரவு, லொறிகள் வந்தன. கழகத்தின் உடைமைகள் யாவும் ஏற்றப்பட்டு, விடியுமுன் இண்டியானாபொலிஸ் நகரை நோக்கிச் சென்றன. அக்கழகத்தின் வாத்தியக் குழுவினர் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. தமக்கெனக் கழகம் ஒன்று இல்லாமலே, பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் ஊர்வலங்களிலும் விழாக்களிலும் தொடர்ந்து வாசித்து வந்தனர்.

அவர்களுக்கு 1996இல் மீண்டும் கழகம் கிடைத்தது. ஆனால் அது இன்னொரு நகரத்தின் இழப்பாற் கிடைத்தது. கிளீவ்லாந்து பிறவுன்ஸ் கழகத்தை 1961 முதல் உடைமையாகக் கொண்டிருந்த ஆர்ட் மொடெல், அதனைப் போல்டிமோருக்குக் கொண்டு செல்வதாக 1995 நவம்பரில் அறிவித்தார். கிளீவ்லாந்து மக்கள் வாளாவிருக்கவில்லை. வழக்குத் தொடுத்தனர், கிளர்ச்சி செய்தனர். முடிவில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. ஆட்டக்காரரையும் அலுவலரையும் மொடெல் கொண்டு செல்லலாம். கழகத்தின் பெயரும், நிறங்களும், வரலாற்றுப் பதிவுகளும் கிளீவ்லாந்திலேயே தங்கல் வேண்டும். 1999இல் அப்பெயரோடு புதிய கழகம் அங்கே தோன்றியது. ஒரு கழகத்தின் பெயரும் நினைவும் உரிமையாளரின் சொத்து அல்ல, ஊராரின் சொத்து என்பதை இவ்விணக்கம் ஓரளவு ஏற்றுக்கொண்டது. 2016இல் றாம்ஸ் கழகம் சென் லூயிஸ் நகரை விட்டு லொஸ் ஏஞ்சலிசுக்குத் திரும்பியபோதும் வழக்கு எழுந்தது. சங்கம் தானே வகுத்த இடப்பெயர்ச்சி நெறிகளைப் பின்பற்றவில்லை என்பது நகரத்தின் வாதம். 2021இல் 79 கோடி டொலர் கொடுத்து அவ்வழக்குத் தீர்க்கப்பட்டது.

எல்லா உரிமையாளரும் இவ்வாறு நடந்தவர் அல்லர். 1959இல் 25,000 டொலர் செலுத்திப் பஃபலோ கழகத்தைத் தொடங்கிய றல்ஃப் வில்சன், செல்வ வளங் குன்றிய அந்நகரத்தினின்று கழகத்தை ஒருபோதும் பெயர்க்கவில்லை. 2014இல் அவர் தமது 95ஆவது வயதில் இறந்தபின், கழகம் 140 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. அப்பணத்தின் பெரும்பகுதி அறநிலையம் ஒன்றைச் சேர்ந்தது. எனினும் பஃபலோவில் புதிய அரங்கு கட்டுவதற்கு மாநிலமும் மாவட்டமும் சேர்ந்து 85 கோடி டொலர் பொதுப்பணம் வழங்க 2022இல் உடன்படவேண்டியதாயிற்று. கழகம் முப்பது ஆண்டுகள் அங்கேயே ஆடும் என்ற உறுதி அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தது. உரிமையாளர் நல்லவராயினும், அவர் போய்விடக்கூடும் என்னும் அச்சம் நகரத்தை விட்டு நீங்குவதில்லை.

இவ்வச்சம் இல்லாத நகரம் ஒன்று உண்டு. விஸ்கொன்சின் மாநிலத்துக் கிறீன் பே நகரத்தின் குடித்தொகை ஏறத்தாழ 1,07,000. அங்கே 1919இல் தோன்றிய பக்கர்ஸ் கழகம் பணமுடையால் வருந்தியபோது, 1923இல் ஊரார் கூடி அதனை இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனமாக்கிப் பங்குகளை விற்றனர். 1935, 1950, 1997, 2011 ஆகிய ஆண்டுகளிலும் 2021இலும் மேலும் பங்குகள் விற்கப்பட்டன. இன்று பங்குதாரர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 2021இல் ஒரு பங்கின் விலை 300 டொலர். அதற்குப் பங்கிலாபம் இல்லை; அதனைச் சந்தையில் விற்கவும் இயலாது. ஆண்டுக் கூட்டத்திற் கலந்துகொண்டு இயக்குநர் சபையைத் தெரியும் வாக்கு ஒன்றே பயன். அச்சபை தெரியும் தலைவர், உரிமையாளர் கூட்டங்களிலே கழகத்தின் சார்பில் அமர்கின்றார். கழகத்தைக் கலைக்க நேரின், பெறப்படும் பணம் அறப்பணிக்குச் செல்லுமேயன்றித் தனியொருவர் கைக்கும் போகாது.

இத்தகைய கழகம் தொழில்முறைப் போட்டியில் நிலைக்காது என்று எண்ணுதல் தவறு. சுப்பர் போல் எனப்படும் முடிசூட்டு ஆட்டம் 1967 ஜனவரியில் முதன்முறையாக நடைபெற்றபோது வென்றது இக்கழகமே. மறு ஆண்டும் வென்றது. இதன் கணக்குகள் ஆண்டுதோறும் வெளியிடப்படுவதால், ஏனைய கழகங்கள் வெளியிடாத ஒரு செய்தியை உலகம் அறிந்துகொள்கின்றது. அண்மைக் காலத்தில் ஒவ்வொரு கழகத்துக்கும் பொதுப் பங்காக ஆண்டுக்கு 40 கோடி டொலருக்கு மேல் கிடைக்கின்றது என்பதே அச்செய்தி. ஆயின் வேறு நகரம் எதுவும் கிறீன் பே நகரத்தைப் பின்பற்ற முடியாது. அத்தகைய உரிமையைச் சங்கத்தின் விதிகள் இப்பொழுது அனுமதிப்பதில்லை. விதி தோன்றுமுன் இருந்தமையாலேயே இக்கழகம் விலக்குப் பெற்றது.

இங்கே கிறீன் பேயின் வாழ்வுக்குக் காரணம் இரண்டு என்பதை மறத்தலாகாது. ஊரார் தம் கழகத்தைத் தாமே தாங்கினர் என்பது ஒன்று. நியூ யோர்க், சிக்காகோ நகரங்களின் உரிமையாளர் தமக்கு வரக்கூடிய பெரும்பங்கை விட்டுக்கொடுத்தனர் என்பது மற்றொன்று. பங்கீடு இல்லாதிருப்பின் ஊராரின் ஆர்வம் மட்டும் அக்கழகத்தைக் காத்திராது. ஆகவே உரிமையாளர் என்போரைப் பேராசைக்காரர் என்று ஒதுக்குவதும், புரவலர் என்று புகழ்வதும் முழுமையான மதிப்பீடு ஆகா. எதிரிக் கழகத்தின் வாழ்விலே தம் வாழ்வும் அடங்கியுள்ளது என அறிந்து அவர்கள் நெறி வகுத்தனர். அந்நெறியைத் தம் அரங்குகளை நிறைக்கும் ஊராருக்கும் விரித்தார் சிலரே. அவ்வாறு விரிக்காத இடங்களிலே வழக்கு மன்றமும், சட்டமன்றமும், சில வேளைகளில் நள்ளிரவு லொறிகளும் குறுக்கிட்டன. கழகம் வாங்கவும் விற்கவும் கூடிய பொருளே. ஆயின் அதன் விலையில் ஊராரின் அன்பும் ஒரு பகுதி. அவ்வன்பு எவருடைய கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. அதனை நினைவிற் கொண்டு ஒழுகும் உரிமையாளரையே அவருக்குப் பின்னும் அந்நகரம் மதிக்கின்றது.